38,000 என்ற எண்ணை மட்டும் நம்பலாமா?

கேள்வி:

ஐந்து வருடம் என் சித்தப்பாவின் ஸ்டூடியோவில் உதவியாளராக இருந்தேன். இப்போது இரண்டு வருடமாகத் தனியாகக் காதுகுத்து, வளைகாப்பு, சின்னக் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறேன். கையில் இருப்பது நிக்கான் டி5600, அதோடு வந்த 18-140 லென்ஸ், ஒரு 35 எம்எம் டிஎக்ஸ் லென்ஸ். மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக வருகிறது. அதனால் ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்க நினைக்கிறேன். சீட்டு எடுத்த பணம் 75,000 ரூபாய் இருக்கிறது.

திருச்சியில் ஒரு போட்டோகிராபர் தன் நிக்கான் டி750 பாடியை 48,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். ஆறு வருடமாகக் கல்யாணங்களுக்குப் பயன்படுத்தியதாம். ஆனாலும் ஷட்டர் கவுண்ட் 38,000-தான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார். போட்டோவில் பாடி புதிதுபோல இருக்கிறது. 5,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டுவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் எடுத்துவைப்பதாகச் சொல்கிறார். சித்தப்பாவோ, "அடுத்தவன் கை பட்ட கேமராவை வாங்காதே, கடன் வாங்கியாவது புதுசு வாங்கு" என்கிறார்.

இதை வாங்கலாமா? நேரில் போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? என்னிடம் இருக்கும் லென்ஸ்கள் அதில் வேலை செய்யுமா? மிச்சப் பணத்தில் என்ன லென்ஸ் வாங்கலாம்?

– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

பழைய கேமரா தாராளமாக வாங்கலாம். இருபது வருடத்துக்கு மேலாகக் கல்யாணப் படம் எடுத்தும், மற்றவர்களின் கேமராவைப் பழுது பார்த்தும் பிழைப்பவன் நான். என் தொழிலில் பாதிக் கருவிகள் இன்னொருவரிடமிருந்து வந்தவைதான். கடன் வாங்கிப் புதுசு வாங்கினால், முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் தவணை கட்ட வேண்டியிருக்கும். உங்கள் தொழில் இப்போதுதான் வேர்பிடிக்கிறது. அந்தச் சுமை வேண்டாம்.

அதற்காகச் சித்தப்பாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். புதிய கேமராவைக் கம்பெனி சோதித்து, வாரண்டியும் போட்டுத் தருகிறது. பழைய கேமராவில் அந்த வேலை நம் தலையில் விழுகிறது. விலையில் குறைகிற பணம் அந்த வேலைக்கு நமக்குக் கிடைக்கும் கூலி. வேலையைச் செய்யாமல் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆறு மாதத்தில் அதைச் சர்வீஸ் பில்லாகத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். செய்ய வேண்டிய வேலை அதிகபட்சம் ஒரு மணி நேரம். அதை வரிசையாகச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

முதலில் அந்த 38,000

எண்ணைப் பார்த்ததும் மகிழ்ந்திருப்பீர்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல்நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் என்று ஒரு கல்யாணத்துக்கு நானே 2,500 முதல் 3,000 படம் எடுக்கிறேன். 38,000-ஐ 3,000-ஆல் வகுத்தால் பன்னிரண்டு பதின்மூன்று கல்யாணம்தான் வருகிறது. ஆறு வருடமாகக் கல்யாணம் எடுத்தவர் வருடத்துக்கு இரண்டு கல்யாணம்தான் எடுத்தாரா?

அவரைப் பொய்யர் என்று சொல்ல வரவில்லை. இதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, இது அவருடைய இரண்டாவது கேமராவாகப் பையில் காத்திருந்தது. அப்படியானால் உங்களுக்கு நல்லது. இரண்டு, இதை அவர் வீடியோவுக்குப் பயன்படுத்தினார். வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஷட்டர் அடிப்பதில்லை. அதனால் மணிக்கணக்கில் ஓடினாலும் எண் ஏறாது. சென்சாரும் உள் சர்க்யூட்டும் மட்டும் சூடாகிச் சூடாகித் தேய்ந்திருக்கும். மூன்று, நடுவில் மெயின் போர்டு மாற்றப்பட்டது. அப்போது எண் மாறிவிடுவது உண்டு. நான்கு, அந்த ஸ்கிரீன்ஷாட் இந்தக் கேமராவுடையதே அல்ல.

"அண்ணா, ஆறு வருஷத்துல 38,000 கம்மியா இருக்கே, வீடியோவுக்கு வச்சிருந்தீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல மனிதர் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவார்.

டி750-இன் ஷட்டரை நிக்கான் 1,50,000 முறை இயக்கிச் சோதித்ததாகச் சொல்கிறது. அது ஒரு சோதனை அளவு. அந்த எண்ணைத் தொட்டதும் ஷட்டர் நின்றுவிடாது. அதற்கு முன்னால் போகாது என்ற உத்தரவாதமும் இல்லை. 38,000 ஓடி ஈர அலமாரியில் கிடந்ததைவிட, 90,000 ஓடி ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டதை நான் எடுப்பேன்.

எண்ணைச் சரிபார்ப்பதும் எளிது. நிக்கான் கேமராக்கள் ஒவ்வொரு படத்தின் எக்ஸிஃப் தகவலிலும் ஷட்டர் கவுண்ட்டையும் சீரியல் நம்பரையும் எழுதிவைக்கின்றன. அன்றைக்கு எடுத்த ஒரு ஜேபெக் படத்தை எடிட் செய்யாமல் மெயிலிலோ, வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாகவோ அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அந்தத் தகவலை நீக்கிவிடும். நேரில் போகும்போது உங்கள் மெமரி கார்டைப் போட்டு நீங்களே ஒரு படம் எடுத்து, அதில் வரும் சீரியல் நம்பரும் கேமராவின் அடிப்பக்க நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். கேனான் வாங்கும் வாசகர்கள் கவனிக்க: பெரும்பாலான கேனான் மாடல்களில் எக்ஸிஃப்பில் இந்த எண் வராது, யூஎஸ்பி கேபிளில் இணைத்து அதற்கான மென்பொருளில்தான் பார்க்க வேண்டும்.

மண்டபம் கேமராவில் விட்டுப்போகும் தடம்

கல்யாணக் கேமரா என்ன பாடுபடும் என்பது உங்களுக்கே தெரியும். வாசலில் பன்னீர், மேடையில் ஓமப் புகை, அட்சதை, மஞ்சள் தடவிய கைகள், சாம்பார் வாசனையோடு ஓடிவந்து வாங்கும் உதவியாளர். இவை எல்லாமே கேமராவில் தடம் விடும். அதனால் முதல் பத்து நிமிடம் கேமராவை ஆன் செய்யாமல் பாருங்கள்.

கைப்பிடி ரப்பரின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தடவுங்கள். தளர்ந்திருந்தாலோ, புதுப் பசை போட்டு ஒட்டியிருந்தாலோ, அது எத்தனை மணி நேரம் கையில் இருந்தது என்று புரியும். ஒருமுறை என் மேஜைக்கு வந்த கேமராவில், ரப்பர் இடுக்கிலிருந்து மஞ்சள் பொடியை ஊசிமுனையால் தோண்டி எடுத்தேன். கொண்டுவந்தவர், வீட்டு விசேஷத்துக்கு மட்டுமே பயன்படுத்தியது என்று சொல்லி விற்றதை நம்பி வாங்கியவர்.

ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவைப் பாருங்கள். கறுப்பு பெயின்ட் உரிந்து உலோகம் தெரிந்தால், அங்கே நூற்றுக்கணக்கான முறை ஃபிளாஷ் ஏறி இறங்கியிருக்கிறது. லென்ஸ் மவுண்ட் வளையமும் அப்படியே. இந்தத் தேய்மானம் குறை ஆகாது, வயதின் அடையாளம். அது 38,000 என்ற எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் உங்கள் கேள்வி.

அடிப்பக்க ஸ்குரூக்களைப் பாருங்கள். தலைகளில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தது தப்பில்லை. யார் திறந்தார், எதற்குத் திறந்தார், அதற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்குரூ தலையிலோ பேட்டரி அறையின் உலோக முனைகளிலோ பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் படப்பிடிப்பின் உப்புக் காற்றோ, வெள்ளத் தண்ணீரோ உள்ளே போயிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் நனைந்த கேமராக்கள் துடைத்துக் காயவைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. அப்படி நனைந்த சர்க்யூட் சில மாதம் ஓடும். பிறகு ஒரு முகூர்த்த நேரத்தில் நின்றுபோகும்.

கேமராவை ஆன் செய்த பிறகு

உங்கள் டி5600-க்குப் போடும் கார்டு இரண்டு, ஒரு பிளோயர், உங்கள் ஃபிளாஷ், முடிந்தால் டிரைபாடு, லேப்டாப். இவற்றோடு பகல் நேரத்தில் போங்கள். கேமராவின் சின்னத் திரையில் எந்தக் குறையும் தெரியாது. லேப்டாப்பில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

சென்சார்: அப்பர்ச்சரை எஃப்/16-இல் வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ எடுங்கள். தூசி இருந்தால் சாம்பல்நிறப் பொட்டுகளாகத் தெரியும். பிளோயரால் ஊதிவிட்டு இன்னொரு படம் எடுங்கள். இடம் மாறினாலோ மறைந்தாலோ அது தூசி. அதே இடத்தில் அதே வடிவத்தில் நின்றால் எண்ணெய்த் துளியோ கீறலோ இருக்கலாம். எண்ணெயை எடுத்துவிடலாம். கீறல் விழுந்த பாடியை விட்டுவிடுங்கள்.

ஹாட் பிக்சல்: லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓ 1600-இல் 1/60 வினாடிக்கு ஒரு படம், 30 வினாடிக்கு ஒரு படம் எடுங்கள். 30 வினாடிப் படத்தில் சில ஒளிப்புள்ளிகள் வருவது இயல்பு. 1/60-இலேயே சிவப்பும் நீலமுமாகப் பல புள்ளிகள் மின்னினால், சென்சார் நிறையச் சூடு பார்த்திருக்கிறது. வீடியோ சந்தேகத்துக்கு இந்தச் சோதனை ஒரு சாட்சி. இன்னொரு சாட்சியும் இருக்கிறது: எச்டிஎம்ஐ துளை தளர்ந்து கேபிள் ஆடுகிறதா, சாய்க்கும் திரையை மேலும் கீழும் இழுக்கும்போது படம் விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள்.

ஷட்டர்: டி750-இன் உச்ச வேகம் 1/4000. லென்ஸை முழுவதும் திறந்து, வெயில் விழும் ஒரு சுவரை அந்த வேகத்தில் பத்துப் படம் எடுங்கள். படம் முழுக்க ஒரே வெளிச்சமாக இருக்க வேண்டும். மேலோ கீழோ இருண்ட பட்டை விழுந்தால் ஷட்டர் திரை தடுமாறுகிறது. இந்தச் சோதனையை ட்யூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் செய்யாதீர்கள். விளக்கின் துடிப்பே பட்டையாக விழும். நல்ல கேமராவை வேண்டாமென்று சொல்லிவிடுவீர்கள்.

ஃபோகஸ்: ஒரு தினசரித்தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை நேராக வைத்து, லென்ஸை முழுவதும் திறந்து, முதலில் வ்யூஃபைண்டர் வழியாகவும் பிறகு லைவ் வ்யூவிலும் எடுங்கள். லைவ் வ்யூ படத்தில் எழுத்து கூர்மையாகவும், வ்யூஃபைண்டர் படத்தில் மங்கலாகவும் வந்தால், ஃபோகஸ் முன்னேயோ பின்னேயோ விழுகிறது. டி750-இல் ஏஎஃப் ஃபைன் ட்யூன் வசதி இருப்பதால் சிறிய பிசகைச் சரிசெய்துவிடலாம். எல்லா லென்ஸிலும் பெரிய அளவில் பிசகினால் பாடி கீழே விழுந்திருக்கக்கூடும்.

மற்றவை: இரண்டு கார்டு ஸ்லாட்டிலும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். தாலி ஒருமுறைதான் கட்டப்படும், அதை இரண்டு கார்டிலும் பதிவுசெய்ய முடிவதுதான் இந்தக் கேமராவை வாங்க எனக்குத் தெரிந்த முதல் காரணம். எல்லாப் பட்டன்களையும், இரண்டு டயல்களையும் இயக்குங்கள். உங்கள் ஃபிளாஷை மாட்டி இருபது முறை அடியுங்கள். பத்து நிமிடம் வீடியோ ஓடவிடுங்கள். மெனுவில் பேட்டரி இன்ஃபோ என்ற பகுதியில் பேட்டரியின் வயது 0 முதல் 4 வரை காட்டும். 0 புதிது, 4 மாற்ற வேண்டியது. உப்பிய பேட்டரியை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இந்த மாடலுக்கென்றே ஒரு செய்தியும் இருக்கிறது. டி750 வெளிவந்தது 2014-இல். ஆரம்பத்தில் தயாரான சில கேமராக்களில் ஷட்டர் சரியாக இயங்காமல் படத்தின் ஒரு பகுதி இருண்டுபோகலாம் என்று 2015-இல் நிக்கானே அறிவித்து, இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. பாதிக்கப்பட்டதா என்று அறியச் சீரியல் நம்பரை இட்டுப் பார்க்கும் வசதியையும் தன் இணையதளத்தில் தந்தது. அவரிடம் நம்பரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பட்டியலில் இருந்தால், வேலை முடிந்ததற்கான ரசீது கேளுங்கள். சரிசெய்து முடித்தது என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் லென்ஸ்கள் வேலை செய்யுமா?

மாட்டலாம், ஆனால் நீங்கள் நினைத்த பயன் கிடைக்காது. உங்களிடம் இருக்கும் இரண்டுமே டிஎக்ஸ் லென்ஸ், அதாவது சின்ன சென்சாருக்குச் செய்தவை. டி750-இல் போட்டால் கேமரா தானாகவே சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் கேமராவில் சுமார் 10 மெகாபிக்சல் படம்தான் கிடைக்கும். ஃபுல் ஃபிரேமுக்குப் பணம் கொடுத்துவிட்டு அதில் பாதிக்கும் குறைவான பரப்பைப் பயன்படுத்தும் நிலை அது. ஆகவே 48,000 என்பது பாதி விலைதான். லென்ஸையும் சேர்த்தே உங்கள் பட்ஜெட்டைப் போட வேண்டும்.

இதில் ஒரு நல்ல செய்தி. டி5600-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, டி750-க்குள் இருக்கிறது. அதனால் இதுவரை உங்களுக்கு ஆட்டோஃபோகஸ் ஆகாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் இதில் ஓடும். 50 எம்எம் எஃப்/1.8டி, 85 எம்எம் எஃப்/1.8டி இரண்டும் பழைய சந்தையில் அடிக்கடி கிடைப்பவை. மண்டபத்து மங்கிய வெளிச்சத்தில் எஃப்/1.8 செய்யும் உதவியைக் கிட் லென்ஸோடு பழகிய கண் முதல் நாளே உணரும். குழுப் படத்துக்கும் மேடைக்கும் 24-120 எஃப்/4 போல ஒரு ஜூம் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு 50-ஐ வாங்குங்கள். டி5600-ஐ விற்காதீர்கள். 18-140-ஐ அதிலேயே வைத்துக் குழுப் படத்துக்கு எடுங்கள். ஒரு கேமரா மக்கர் பண்ணினாலும் கல்யாணம் நிற்காது.

மிரர்லெஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடைக்காரர் கேட்பார். நிக்கான் இசட்6 2018-இல் வந்த நல்ல கேமரா. அதில் ஒரே ஒரு கார்டு ஸ்லாட்தான். எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸும் வராது. உங்கள் பணத்துக்கும் உங்கள் வேலைக்கும் டி750 பொருத்தமானது.

லென்ஸ் வாங்கும்போது டார்ச் இல்லாமல் போகாதீர்கள்

இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், மூடப்போகும் ஒரு ஸ்டூடியோவிலிருந்து ஒரு டெலி ஜூம் வாங்கினேன். தோல் உறைக்குள் இருந்தது. வெளியே ஒரு கீறல் இல்லை, எண்கள்கூட அழியவில்லை. "எட்டு வருஷமா வெளியிலயே எடுக்கல" என்று ஸ்டூடியோவை நடத்திய பெரியவர் பெருமையாகச் சொன்னார். நானும் அதைச் சிறப்பு என்றே நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு தேர்த் திருவிழா. எதிர்வெயிலில் தேர் அசைந்து வரும்போது எடுத்த படங்கள் அத்தனையிலும் பால் கொட்டியதுபோல ஒரு வெண்திரை. இரவு லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது, உள்கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல்போல வெள்ளை இழைகள் கிளைவிட்டுப் பரவியிருந்தன. ஃபங்கஸ். பிரித்துச் சுத்தம் செய்தேன். பூஞ்சை போனது, அது கசியவிடும் அமிலம் கோட்டிங்கை அரித்த தடம் போகவில்லை. அந்தப் பெரியவர் என்னை ஏமாற்றவில்லை, அவருக்கும் தெரியாது. நான் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் இருவருக்குமே தெரிந்திருக்கும்.

நம் ஊர்க் காற்றின் ஈரத்தில், இருட்டான தோல் உறைக்குள் சும்மா கிடக்கும் லென்ஸுக்குத்தான் ஆபத்து அதிகம். வாரம் ஒருமுறை வெளிச்சம் பார்த்த லென்ஸ், வெளியே கீறல் பட்டிருந்தாலும் உள்ளே சுத்தமாக இருக்கும். "பயன்படுத்தாமலே வைத்திருந்தது" என்று விற்பவர் சொன்னால் இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

பார்க்கும் விதம் இது. இரண்டு பக்க மூடியையும் கழற்றுங்கள். அப்பர்ச்சரை முழுவதும் திறந்து வையுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, செல்போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து கொஞ்சம் சாய்வாக அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சாய்வை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. இழைகள் தெரிந்தால் ஃபங்கஸ். கண்ணாடி முழுக்க மெல்லிய மூச்சு ஊதியதுபோலத் தெரிந்தால் ஹேஸ். ஓரத்தில் எண்ணெய் மிதப்பதுபோல வானவில் நிறம் தெரிந்தால் இரு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுக்கொண்டிருக்கிறது. மூன்றையும் விட்டுவிடுங்கள்.

முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். படத்தைப் பெரிதாகக் கெடுக்காது. பின் கண்ணாடியில் அதே கீறல் இருந்தால் வாங்க வேண்டாம். சென்சாருக்கு அருகில் இருப்பதால் அது படத்தில் தெரியும். அடுத்து, பின்னால் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிவிடுங்கள். அப்பர்ச்சர் இதழ்கள் சட்டென்று திறந்து மூட வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் இதழில் எண்ணெய் ஏறியிருக்கிறது. கடைசியாகச் சுவரில் ஒட்டிய அதே தினசரித்தாள்: முழு அப்பர்ச்சரில் எடுத்து நான்கு மூலை எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே மாதிரி மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் அதிகமாக மங்கினால், உள்ளே ஒரு கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது. பெரும்பாலும் கீழே விழுந்ததன் விளைவு. தாளைக் கேமராவுக்கு நேராக வைக்காவிட்டாலும் இப்படி வரும் என்பதால், இரண்டாம் முறை சரிபார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

அட்வான்ஸ், பில், போலீஸ்

அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் முகம் பார்க்காமல் அட்வான்ஸ் கேட்பது மோசடிக்காரர்களின் பழைய வழி. பட்டாளத்தில் இருக்கிறேன், அவசர மாற்றல், அதனால் விற்கிறேன் என்று கதை சொல்லி, கேமராவே இல்லாமல் பணம் பறித்த ஆட்கள் உண்டு. "ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்து, பிடித்தால் முழுப் பணமும் அங்கேயே தருகிறேன்" என்று சொல்லுங்கள். அதற்குள் வேறு யாரோ வாங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். டி750 அது ஒன்றுதானா இருக்கிறது? இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று யார் சொன்னாலும், அதைப் பெற யூபிஐ பின் நம்பர் போட வேண்டியதே இல்லை, போடச் சொன்னால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

திருட்டுக் கேமரா பயம் சித்தப்பாவுக்கு இருந்தால் அதுவும் நியாயம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ நம்பக் காரணமிருந்தோ வாங்கியவரையும் குற்றவாளியாக்குகிறது. அசல் பில்லைக் கேளுங்கள். அதில் சீரியல் நம்பர் இருந்தால் ஒப்பிடுங்கள். பில் தொலைந்துவிட்டது என்றால், ஒரு வெள்ளைத்தாளில் மாடல், சீரியல் நம்பர், தொகை, தேதி, விற்பவர் வாங்குபவர் கையெழுத்து, விற்பவருடைய அடையாள அட்டை நகல் எல்லாம் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பெட்டி, பில், வாரண்டி கார்டு எல்லாம் பத்திரமாக வைத்திருப்பவர் பொதுவாகக் கேமராவையும் பத்திரமாகத்தான் வைத்திருப்பார்.

கடையில் வாங்குவதாக இருந்தால், தனி ஆளிடம் வாங்குவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டிவரும். அதற்கு ஈடாக, இத்தனை நாளுக்குள் குறை வந்தால் மாற்றித் தருகிறேன் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் வாரண்டி கடைப் படியிறங்கும்வரைதான்.

75,000-ஐ எப்படிப் பிரிப்பது?

பாடிக்கு 48,000 என்று அவர் சொல்லியிருக்கிறார். பேட்டரி வயது, தூசி, தேய்மானம் இவற்றில் நீங்கள் கண்ட ஒவ்வொன்றையும் பணிவாகச் சொல்லிப் பேசுங்கள்; சோதித்துப் பார்த்த ஆள் சொல்லும் விலைக்கு மதிப்பு அதிகம். மிச்சத்தில் 50 எம்எம் லென்ஸ் ஒன்று, ஒரு நல்ல பேட்டரி, இரண்டு கார்டு. 10,000 ரூபாயைத் தொடாமல் வங்கியில் வையுங்கள். சென்சார் சுத்தம், சின்னச் சின்ன ரிப்பேர் என்று முதல் வருடத்தில் ஏதாவது ஒன்று வரும். அந்தப் பணம் இருந்தால் அது வெறும் செலவு. இல்லாவிட்டால் தொழிலே நின்றுபோகும். புதுசு வாங்கி எல்லாப் பணத்தையும் பாடியிலேயே போட்டவர்கள், கிட் லென்ஸை மாட்டிக்கொண்டு மண்டபத்தில் திண்டாடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பாவையும் அழைத்துப் போங்கள்

அவர் கண்ணுக்கு அனுபவம் இருக்கிறது. ஹாட் ஷூவையும் மவுண்டையும் பார்த்தே கேமராவின் வயதைச் சொல்லிவிடுவார். நீங்கள் லேப்டாப்பில் படங்களைப் பாருங்கள்; அவர் விற்பவரோடு பேசட்டும். இருவருக்கும் திருப்தி வந்தால் வாங்குங்கள். ஒருவருக்கு மனம் ஒப்பாவிட்டாலும், பஸ் காசு போனால் போகட்டும் என்று திரும்பிவிடுங்கள். நேரம் தராமல் அவசரப்படுத்துவது, உங்கள் கார்டைப் போட விடாதது, இருட்டிய பிறகு வரச்சொல்வது, இந்த மூன்றில் ஒன்று நடந்தாலும் கேமராவைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

வாங்கியபின் தோல் உறையைத் தூரப் போடுங்கள். காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் ஒரு சின்ன ஈரப்பதமானி, சிலிகா ஜெல் பொட்டலங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஜெல்லின் நீல மணிகள் இளஞ்சிவப்பானால் லேசாகச் சூடாக்கி, ஆறியதும் மறுபடி போடுங்கள். அரிசி வேண்டாம், மாவுத் தூசி ஏறும். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும். வாரம் ஒருமுறை கேமராவை வெளியே எடுத்துப் பத்துப் படமாவது எடுங்கள்.

நான்கைந்து வருடம் கழித்து நீங்களும் இதை விற்பீர்கள். தொழிலில் புதிதாகக் காலடி வைக்கும் ஒரு பெண், சீட்டுப் பணத்தோடு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். அவர் டார்ச் அடித்துப் பார்க்கும்போது உள்ளே சுத்தமாக இருக்கட்டும். கேட்பதற்கு முன்பே, எத்தனை கல்யாணம் எடுத்தது, எப்போது திறந்தது, எந்தப் பட்டன் ஒட்டிக்கொள்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். வருகிற ஞாயிறு திருச்சிக்காரரிடமும் அதைத்தான் நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள். போய்ப் பாருங்கள், நல்லதாக அமையட்டும்.